காஃபூவே ஆற்றங்கரையில் ஐந்து நாள்

முதல் நாள்: லுசாகா – கப்வே

சாம்பியாவின் தலைநகர் லுசாகாவிலிருந்து வடக்கே 140 கிலோமீட்டரில் கப்வே. விடிகாலை பஸ் பிடித்தால் காலைச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். சாலையோரம் மூட்டை மூட்டையாக அடுப்புக்கரி, ஆளுயரப் புற்றுகள், செம்மண். எதிரே வரும் லாரிகளில் பல, காங்கோ எல்லையிலிருந்து தாமிரத் தகடு ஏற்றி வருபவை. சாம்பியாவின் தாமிர மண்டலத்துக்குப் போகும் வழி இதுதான்.

இந்தப் பயணம் ஒரு கேள்வியை வைத்துத்தான். வெளிநாட்டில் போய்த் தோண்டும் நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் ‘சமூகப் பொறுப்பு’ என்று அச்சடிக்கிறதே, அந்தத் தாளுக்கும் சுரங்கத்துக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கும் என்ன தொடர்பு? இதற்குச் சட்டப்படி பதில் கிடைத்த இடம் சாம்பியா. அதுவும் ஓர் இந்தியக் குழுமத்தின் சுரங்கத்தை வைத்துக் கிடைத்த பதில்.

முதலில் கப்வே. இங்கே ஈயமும் துத்தநாகமும் 1900-களின் தொடக்கத்திலிருந்து 1994 வரை எடுத்தார்கள். சுரங்கம் மூடி முப்பது வருடம் ஆகிவிட்டது, ஈயம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. கசண்டா, மகுலுலு, சோவா பகுதிகளில் வீட்டு முற்றத்து மண்ணிலேயே இருக்கிறது. காய்ந்த மாதங்களில் காற்று அடிக்கும் திசையைக் கவனித்தால் போதும், எந்தத் தெருவுக்கு அதிகம் போகும் என்பது புரிந்துவிடும். தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது, ஈயம் உள்ளே போகிறது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் வேகமாக இழுத்துக்கொள்ளும். ஏழைக் குழந்தைக்குப் பாதிப்பு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லி) 5 மைக்ரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தாண்டினால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தர வேண்டும். அந்த மருந்து தந்த குழந்தையை அதே புழுதி முற்றத்துக்குத் திருப்பி அனுப்பினால் அளவு மறுபடி ஏறிவிடும். மாத்திரைக்கு முன்னால் மண்ணைக் கவனிக்க வேண்டும்: மேல்மண்ணை அள்ளிச் சுத்த மண் கொட்டுவது, புல் வளர்ப்பது, தரைக்கு சிமென்ட் போடுவது, கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது. முற்றத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் பக்கத்துத் தெருவை மண்ணாகவே விட்டால் ஒரே காற்றில் எல்லாம் வீண். வீடு வீடாகச் செய்கிற வேலை இல்லை இது, பகுதி பகுதியாகச் செய்ய வேண்டியது.

செலவு யார் தலையில்? உலக வங்கி 2016-ல் ஒப்புதல் தந்த 6.56 கோடி டாலர் திட்டத்தில் கப்வேயும் உண்டு. 1925 முதல் 1974 வரை சுரங்கத்தோடு தொடர்பில் இருந்த ஆங்கிலோ அமெரிக்கன் குழுமத்தின் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் மீது 2020-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூட்டு வழக்குக்கு மனுப் போட்டார்கள். 2023 டிசம்பரில் நீதிமன்றம் மறுத்தது, 2024-ல் மேல்முறையீட்டுக்கு அனுமதி கிடைத்தது. சுரங்கம் கைமாறிக் கைமாறி, கடைசியில் அரசுடைமையாகி மூடப்பட்டது. ஒவ்வொருவரும் தனக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தவரைக் காட்ட முடிகிறது. மூடும் நாளுக்கான பணத்தைத் திறக்கும் நாளிலேயே வங்கி உத்தரவாதமாக வாங்கி வைக்காத ஊருக்கு இந்த நிலைமைதான்.

இரண்டாம் நாள்: கப்வே – கிட்வே – சம்பிஷி

கபிரி ம்போஷி, ண்டோலா வழியாகக் கிட்வே. ண்டோலாவுக்கு அப்புறம் இரட்டைச் சாலை, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். மதியம் ன்ஷிமா கிடைக்கும். வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களிதான். தொட்டுக்கொள்ளக் கபெண்டா, நம் ஊர் நெத்திலிக் கருவாட்டின் ஒன்றுவிட்ட தம்பி.

கிட்வேயிலிருந்து அரை மணி நேரத்தில் சம்பிஷி. 2025 பிப்ரவரி 18-ல் சைனோ மெட்டல்ஸ் லீச் நிறுவனத்தின் கழிவுச்சேற்று அணை உடைந்தது இந்தப் பகுதியில்தான். அமிலம் கலந்த கழிவு சுமார் 5 கோடி லிட்டர் வெளியேறியதாக முதலில் சொன்னார்கள். அது முவம்பாஷி ஆற்றில் இறங்கி, அங்கிருந்து பெரிய ஆறான காஃபூவேக்குப் போனது. மீன் செத்து மிதந்தது, கரையோர வயல் கருகியது, கிட்வே நகரத்துக்குக் குடிநீர் நின்றது. படகிலும் விமானத்திலும் சுண்ணாம்பு கொண்டுபோய் ஆற்றில் கொட்டினார்கள்.

சுண்ணாம்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை இங்கே நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஒரு புள்ளி குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. பிஎச் 3 இருக்கும் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டு 7-க்கு ஏற்றினால், கரைந்திருந்த தாமிரத்தில் பெரும்பகுதி திப்பியாகி அடியில் தங்கும். மாங்கனீசு அப்படித் தங்காது, அதற்குப் பிஎச் 9-க்கு மேல் வேண்டும். அந்த அளவுக்கு ஏற்றினால் மீன் சாகும். ஆகவே சுண்ணாம்பு போட்ட ஆறு பார்க்கத் தெளிந்திருக்கும், மாங்கனீசு அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அடியில் தங்கிய தாமிரமும் அழிந்துவிடவில்லை. மறுபடி அமிலம் வந்தால் அதே சேறு கரைந்து மேலே வரும். ‘பிஎச் சரியாகிவிட்டது’ என்ற அறிவிப்போடு கதையை முடிக்கும் அறிக்கையை ஏற்கக் கூடாது. அடிமண் பரிசோதனை எங்கே என்று கேட்க வேண்டும்.

கழிவுச்சேற்று அணை என்பது சிமென்ட் அணை கிடையாது. தாதுவை மாவாக அரைத்துத் தாமிரத்தை எடுத்தபின் மிஞ்சும் சேற்றையே கரையாக உயர்த்திக்கொண்டு போவார்கள். தண்ணீர்க் குளம் கரையை விட்டுத் தள்ளி நடுவில் நிற்க வேண்டும். கரைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பீசோமீட்டர் குழாய்கள் காட்டும், யாராவது வாராவாரம் எடுத்து எழுதினால். மழைக்காலத்தில் குளம் கரையை நெருங்கும், அடி வடிகால் சேறு கட்டி அடைபடும், கரை ஊறும், பிறகு ஒரு நாள் சரியும். பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25-ல் 270 பேரைக் கொன்ற அணை, வெளித் தணிக்கையாளர் பாதுகாப்பானது என்று சான்று கொடுத்த அணைதான். அதற்குப் பிறகுதான் 2020 ஆகஸ்டில் உலகளாவிய கழிவுச்சேறு மேலாண்மைத் தரம் வந்தது. ஒவ்வொரு அணைக்கும் பெயர் சொல்லிப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும், உடைந்தால் கீழே எந்த வீடுகள் போகும் என்ற வரைபடம் வேண்டும் என்கிறது அது. கீழே குடியிருப்பவர்களிடம் அந்த வரைபடம் இருக்கிறதா என்பதுதான் நாங்கள் முதலில் பார்ப்பது.

மூன்றாம் நாள்: சிங்கோலா

கிட்வேயிலிருந்து 50 கிலோமீட்டர். ஊரை ஒட்டி ன்சாங்கா திறந்தவெளிச் சுரங்கம், பல கிலோமீட்டர் நீளப் பள்ளம். பாதி மலையைப் படிக்கட்டாக வெட்டி எடுத்தது போல இருக்கும். சுரங்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போகவோ படம் எடுக்கவோ கூடாது. பொதுச் சாலையிலிருந்து பார்க்கக் கிடைப்பதே போதும்.

கொங்கோலா காப்பர் மைன்ஸ் – கேசிஎம் – இங்கே சுரங்கத்தையும் உருக்காலையையும் நடத்துகிறது. 2002-ல் ஆங்கிலோ அமெரிக்கன் விலகிக்கொண்டது. 2004-ல், முதல் நாள் சொன்ன அந்த இந்தியக் குழுமம், லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா, 51 சதவீதத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கியது, பிறகு பங்கு 79.4 ஆனது. மீதி சாம்பிய அரசு நிறுவனத்திடம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் உரிமையாளரும் இதே குழுமம்தான்.

2006 நவம்பரில் கழிவுச்சேறு கொண்டுபோகும் குழாய் உடைந்தது. முஷிஷிமா ஓடை வழியாகக் கழிவு காஃபூவேயில் இறங்கியது. சிங்கோலாவின் குடிநீர் நின்றுபோனது.

இந்தக் குழாய்கள் ஏன் உடைகின்றன? சேற்றில் இருக்கும் மணல், குழாயின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டே ஓடும். மேல்பக்கம் புதிதாகவே இருக்க, அடிப்பக்கம் தாளாகிவிடும். அதனால் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை குழாயை மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பிப் போட வேண்டும். அல்ட்ராசோனிக் கருவியால் தடிமனை அளந்து ஏட்டில் எழுத வேண்டும். பம்ப்பை நிறுத்தும்போது சுத்தத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவாமல் நிறுத்தினால் மணல் இறுகி அடைக்கும், மறுபடி ஓட்டும்போது அழுத்தம் தாங்காமல் பலவீனமான மூட்டு பிய்த்துக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு உடைந்தாலும் கழிவு ஆற்றுக்குப் போகாமல் தடுக்கத் தாழ்வான இடங்களில் பிடிகுழிகள் உண்டு. அவை காலியாக இருந்தால்தான் பயன். மழைக்காலம் முன்னிட்டுத் தூர் வாரவில்லை என்றால் குழி ஏற்கெனவே நிரம்பியிருக்கும், கழிவு மேலே வழிந்து ஓடைக்குப் போகும். திருப்பிப் போடுவது, அளப்பது, கழுவுவது, தூர்வாருவது எல்லாம் பராமரிப்புச் செலவு. தாமிர விலை இறங்கும் வருடத்தில் முதலில் வெட்டப்படும் செலவும் அதுவே.

வழக்குகளின் பாதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2011-ல் சாம்பிய உயர் நீதிமன்றம் 2,000 பேருக்கு மொத்தம் 1,000 கோடி குவாச்சா – அப்போதைய மதிப்பில் ஏறத்தாழ 20 லட்சம் டாலர் – தரச் சொன்னது. 2015-ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் தவற்றை உறுதிசெய்தது. ஆனால் மருத்துவச் சான்று காட்டிய 12 பேருக்கு மட்டுமே இழப்பீடு என்று சுருக்கிவிட்டது. மற்றவர்களும் அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். அவர்களிடம் தேதி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லை, அவ்வளவுதான். நெஞ்சை அறுக்கும் தீர்ப்பு இது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை ஒன்று: மாசு நடந்த வாரத்திலேயே, ஊர் மொத்தத்துக்கும் ஒரே சீட்டு போதாது, ஆளுக்கொரு சீட்டு, பெயரும் தேதியும் அறிகுறியும் எழுதி வாங்கி வைக்க வேண்டும்.

அதே 2015-ல் 1,826 பேர் லண்டனில் வேதாந்தாவின் மீதே வழக்குப் போட்டார்கள். தாய் நிறுவனம் வேறு, சாம்பியத் துணை நிறுவனம் வேறு, எங்களை ஏன் இழுக்கிறீர்கள் என்பது எதிர்வாதம். 2019 ஏப்ரல் 10-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்கை அங்கேயே விசாரிக்கலாம் என்றது. சாம்பியாவில் இவ்வளவு பெரிய வழக்கை நடத்தப் பணமோ அனுபவமுள்ள வழக்கறிஞர் குழுவோ இந்த மக்களுக்குக் கிடைக்காது என்பது ஒரு காரணம். ஜெயித்தால் கூலி என்ற ஏற்பாட்டில் வக்கீல் வைக்கச் சாம்பியச் சட்டம் இடம் தருவதில்லை.

இந்தப் பயணத்தின் கேள்விக்குப் பதில் அந்தத் தீர்ப்பில் இன்னோர் இடத்தில் இருக்கிறது. தாய் நிறுவனத்துக்குப் பொறுப்பு இருந்திருக்கக்கூடும் என்று நீதிபதிகள் எதை வைத்து நினைத்தார்கள்? சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி நிறுவனமே வெளியிட்ட நிலைத்தன்மை அறிக்கையை வைத்து. துணை நிறுவனங்கள் எல்லாவற்றின் சுற்றுச்சூழல் மேற்பார்வையும் எங்கள் இயக்குநர் குழுவிடம் என்று அதில் எழுதியிருந்தது. ன்சாங்காவில் தண்ணீரில் கழிவு கலந்த பிரச்சினையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. மேற்பார்வை செய்கிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டு உண்மையில் செய்யாமல் விட்டால், அந்தச் செய்யாமையே பொறுப்பைக் கைவிட்டதாகலாம் என்றது நீதிமன்றம். முதலீட்டாளருக்காகப் பளபளப்புத் தாளில் அச்சடித்தது, ஷிமுலாலா கிராமத்துக் குடியானவனுக்குச் சாட்சியாகிவிட்டது.

2021 ஜனவரியில் 2,571 பேர் சார்பில் சமரசம் ஆனது, தவற்றை ஒப்புக்கொள்ளாமல். தொகை வெளியிடப்படவில்லை. ஆகவே உண்மை விசாரணை நடந்து முழுத் தீர்ப்பு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2019-ன் அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் 2021 பிப்ரவரியில் நைஜீரிய கிராமங்கள் ஷெல் நிறுவனத்துக்கு எதிரான வழக்கை லண்டனில் நடத்த அதே நீதிமன்றத்தில் வழி பெற்றன.

நான்காம் நாள்: ஆற்றோரக் கிராமங்கள்

பெம்பா மொழியில் தண்ணீருக்கு ‘அமென்ஷி’ என்று பெயர். ஹிப்போ பூல், ஷிமுலாலா பக்கம் மண்பாதை. காய்ந்த காலத்தில் கார் போகும், மழையில் நான்கு சக்கர இழுவை வேண்டும்.

தண்ணீர் மாதிரி எடுப்பதைச் சரியாகச் செய்யாததால் தோற்ற வழக்குகள் உலகம் முழுக்க உண்டு. அதனால் இதை விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரே நாளில் மூன்று இடம்: கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே, கலந்து சற்றுத் தள்ளி, ஊர் தண்ணீர் மொள்ளும் துறையில். மேலே எடுத்த மாதிரி இல்லாவிட்டால் ‘ஆறே அப்படித்தான்’ என்று வாதம் வரும். பிஎச் மீட்டரை அன்று காலையே 4, 7 கரைசல்களில் சரிபார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது இரண்டு பாட்டில். உலோகத்துக்கான பாட்டிலில் தண்ணீரை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஎச் 2-க்குக் கீழ் கொண்டுவர வேண்டும். சல்பேட்டுக்கான பாட்டிலில் அமிலம் விடக் கூடாது. வரிசை மாறி, வடிகட்டாமல் அமிலம் விட்டால் தண்ணீரில் மிதக்கும் மண்ணில் இருக்கும் உலோகமும் கரைந்து கணக்கு ஏறிவிடும். எதிர்த்தரப்பு நிபுணர் அந்த ஒரு பிழையைப் பிடித்து மொத்தத்தையும் தள்ளிவிடுவார். காய்ச்சி வடித்த தண்ணீரை அதே முறையில் ஒரு பாட்டில் எடுத்து வைக்க வேண்டும், பாட்டிலும் அமிலமும் சுத்தம் என்று காட்ட. ஐஸ் பெட்டி, முத்திரை, நேரம், இடக்குறி, கை மாறும்போதெல்லாம் கையெழுத்து.

எப்போது எடுப்பது என்பது அதைவிடப் பெரிய விஷயம். சுரங்கக் குப்பைமேட்டில் இருக்கும் கந்தகத் தாது காற்றும் ஈரமும் பட்டு, வெயில் மாதங்கள் முழுக்க உப்புகளாகப் பூத்துக் காத்திருக்கும். முதல் பெருமழை அத்தனையையும் ஒரே நாளில் ஓடைக்கு அடித்துவரும். ஜூலையில் எடுத்த பத்து மாதிரியை விட முதல் மழையன்று எடுத்த ஒன்று அதிகம் பேசும். தண்ணீரில் உப்பு கூடினால் ஏறும் மின்கடத்துத்திறனைப் பதியும் சின்னக் கருவியை ஓடையில் கட்டி வைத்தால் மணிக்கொரு எண் கிடைக்கும். இரவில் எண் திடீரென்று எகிறினால், எந்த நேரத்தில் பாட்டிலோடு போய் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

ஆறு கெட்டால் நிறுவனங்கள் முதலில் தருவது ஆழ்துளைக் கிணறும் அடிபம்பும். சாம்பியாவின் கிராமங்களில் நிற்கும் பம்ப்பைப் பார்த்தால் நமக்குப் பழகிய முகம்: இந்தியா மார்க் 2. 1970-களில் இந்தியாவில் உருவாகி, தொடக்கத்தில் சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் தயாரான அதே பம்ப். நல்ல உருப்படி. ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். உள்ளே மூன்று மூன்று மீட்டராக இணைத்து இறக்கியிருப்பது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். நிலத்தடி நீரின் பிஎச் 6.5-க்குக் கீழே போனால் பூச்சு கரைந்து இரும்பு அரிக்கும், தண்ணீர் துருநிறத்தில் வரும், பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆற்றுக்கே போவார்கள். துரு குழாயிலிருந்தா, நிலத்திலிருந்தா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. காலையில் முதல் குடம் சிவப்பாக வந்து, அரை மணி நேரம் அடித்தபின் தெளிந்தால் குழாய்த் துரு. அப்போதும் சிவந்தே வந்தால் நிலத்தடி நீரிலேயே இரும்பு. முதலாவதற்கு எவர்சில்வர் அல்லது யூபிவிசி பிளாஸ்டிக் குழாய் மாற்றினால் தீர்ந்தது. இரண்டாவதற்கு வடிகட்டி வேண்டும்.

இன்னொன்று வாஷர். அடியில் உருளைக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்தால் அடிக்க அடிக்கக் காற்றுதான் வரும். சில ரூபாய்ப் பொருள். ஆனால் மார்க் 2-வில் அதை மாற்ற, முக்காலி போட்டு, நாலைந்து பேர் சேர்ந்து அத்தனை குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். குழாயை அசைக்காமல் உள்தண்டை மட்டும் உருவியெடுக்கும் மார்க் 3, கோயம்புத்தூர் வட்டாரத்தில் 1980-களில் நடந்த கள ஆய்வில் உருவானது. நிறுவனம் பம்ப் தரும்போது கேட்க வேண்டியவை: எந்த மார்க், எந்தக் குழாய், உதிரிப் பாகம் எந்த ஊர்க் கடையில், பழுது பார்க்கும் உள்ளூர் ஆளுக்குக் கூலி எந்தக் கணக்கில், எத்தனை வருடத்துக்கு. திறப்பு விழாப் படம் அறிக்கையில் வந்துவிடும். மூன்றாம் வருடத்து வாஷருக்கு அதில் வரி இருக்காது.

ஐந்தாம் நாள்: முஃபுலிரா

1970 செப்டம்பர் 25-ல் மேலே கொட்டி வைத்த கழிவுச்சேறு நிலத்தடிச் சுரங்கத்துக்குள் இறங்கி 89 தொழிலாளர்கள் இறந்த ஊர் இது. இங்கே மோபானி நிறுவனத்தின் தாமிர உருக்காலைக்குப் பக்கத்துக் குடியிருப்பு கன்கோயோ. கந்தக டை ஆக்சைடு புகைக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் ‘செண்டா’. கூரைத் தகடுகளைக் கிட்ட நின்று பார்த்தால் ஆணி அடித்த இடத்தைச் சுற்றித் துரு வட்டம் வட்டமாகத் தின்றிருப்பது தெரியும். 2014-ல் வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கும் பிரிவு முழுமையானபின் புகை வெகுவாகக் குறைந்தது. அந்தப் பிரிவு பழுதுக்கு நிற்கும்போது உலையும் நிற்கிறதா என்பதுதான் இப்போது கேட்க வேண்டியது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தத் தொண்டைக் கமறலை விளக்க வேண்டியதில்லை. வாயுக் கசிவால் ஊர் திணறிய 2013 மார்ச் 23 அவர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம், அதற்கு முந்தைய ஆண்டுகளின் மாசுக்காக, ஆலைக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே 22, 23 தேதிகளில் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர் போனபின் ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இந்தியச் சட்டத்தையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. மாநிலத்துக்காகவோ இந்தியாவுக்காகவோ ஆடும் இந்திய விளையாட்டு வீரர்களின் பயிற்சி தவிர, இந்தியாவுக்கு வெளியே செய்யும் எதுவும் அந்தக் கணக்கில் சேராது. தொழிலின் வழக்கமான நடவடிக்கையும் சேராது. பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச் வாங்கியது கணக்கு. குழாயைத் திருப்பிப் போட்டது கணக்கில்லை. அது தவறும் இல்லை, பராமரிப்பு தர்மம் அல்லவே. ஆனால் 2 சதவீதம் கட்டிய நிறுவனம் மனித உரிமையை மதித்த நிறுவனம் ஆகிவிடாது. 2011-ல் ஐநா ஏற்ற வழிகாட்டும் கொள்கைகள் கேட்பது வேறு: உன் வேலையால் யாருக்குத் தீங்கு வரும் என்று முன்கூட்டித் தேடு, தடு, நடந்துவிட்டால் பரிகாரம் செய்.

கேசிஎம்-ஐ 2019-ல் சாம்பிய அரசு கலைப்பு அதிகாரியிடம் ஒப்படைத்தது. 2024-ல் சுரங்கம் வேதாந்தாவிடம் திரும்பியது. 100 கோடி டாலர் முதலீடும், உள்ளூர்ச் சமூகப் பணிக்கு ஆண்டுக்கு 2 கோடி டாலரும் வாக்குறுதி. அந்த 2 கோடியில் எவ்வளவு, எந்தக் கிராமத்துக்கு, எந்தத் தேதிக்குள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குவது கிராமக் குழுக்களின் வேலை. பிடிகுழி தூர்வாரும் அட்டவணையைத் தனித்தாளில், வேறு கணக்கில் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்ட விடக் கூடாது.

நவம்பரில் இங்கே மழை தொடங்கும். முஷிஷிமா ஓடையில் மின்கடத்துத்திறன் கருவியைக் கட்ட அக்டோபர் கடைசி வாரம் சரியான நேரம். பேட்டரி புதிதாக இருக்கட்டும், கம்பியை மரத்தின் வேரில் கட்டுங்கள், கிளையில் கட்டினால் வெள்ளம் இழுத்துப் போய்விடும்.